சிறுநீரகத்தில் கல், கழுத்தில் காரணம்

2014 ஆகஸ்டில், ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது முதல் வலி வந்தது. இடது விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கம் பிடித்துத் திருகுவது போல ஆரம்பித்து, அடிவயிறு வழியாகத் தொடை இடுக்கு வரை இறங்கியது. நிற்க முடியவில்லை, உட்கார முடியவில்லை, படுத்தாலும் அடங்கவில்லை. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். பிரசவ வலியில் இடையிடையே மூச்சு விடவாவது நேரம் கிடைக்கும். இதில் அதுவும் இல்லை. பக்கத்து வகுப்பு டீச்சர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஊசி போட்டார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். இடது சிறுநீர்க்குழாயில் 7 மில்லிமீட்டர் கல். "தண்ணி நிறைய குடிங்கம்மா, மாத்திரையிலேயே வந்துரும். மூணு வாரம் கழிச்சு ஸ்கேன் பார்ப்போம்" என்றார் மருத்துவர்.

நான் கோவில்பட்டிக்காரி. கரிசல் காட்டு வெயில், உப்புத் தண்ணீர், அதோடு பள்ளிக்கூட வேலை. ஆசிரியைகளுக்கு ஏன் கல் வருகிறது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கழிப்பறைக்குப் போகப் பயந்து, காலை எட்டு மணிக்குக் குடித்த காபியோடு மாலை வரை தண்ணீர் குடிக்காமலே இருப்போம். அதனால் எல்லோரும் என்னைத்தான் குற்றம் சொன்னார்கள். நானும் அதை நம்பினேன். வாழைத்தண்டுச் சாறு, சிறுபீளைக் கஷாயம், நெருஞ்சில் பொடி, பார்லித் தண்ணீர் என்று யார் எதைச் சொன்னாலும் குடித்தேன். பத்தே நாளில் வலி போய்விட்டது. கல் கரைந்துவிட்டது என்று நினைத்து, மூன்று வாரம் கழித்து எடுக்கச் சொன்ன ஸ்கேனை எடுக்காமல் விட்டேன்.

என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தவறு அதுதான். கல் குழாயில் அடைத்துக்கொண்டு அசையாமல் நின்றாலும் வலி குறைந்துவிடும். வலி நின்றதால் கல் வெளியேறிவிட்டது என்று அர்த்தமில்லை. 2016-ல் வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் இடது சிறுநீரகம் வீங்கி, அதன் சதைப்பகுதி மெலிந்துபோயிருந்தது தெரிந்தது. அதே கல்தான் இரண்டு வருடமாகச் சத்தமில்லாமல் அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. ஒவ்வொரு சிறுநீரகமும் தனித்தனியே எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஐசோடோப் ஸ்கேன் எடுத்தபோது, மொத்த வேலையில் இடதின் பங்கு 24 சதவீதம்தான் என்று வந்தது. சிறுநீர்ப்பாதை வழியாகக் குழாயை விட்டு லேசரால் கல்லை உடைத்து எடுத்தார்கள். சிறுநீர் அடைபடாமல் இறங்க உள்ளே டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயைத் தற்காலிகமாக வைத்தார்கள். 52,000 ரூபாய் ஆனது. ஸ்டென்ட் உள்ளே இருந்த மூன்று வாரமும் சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் எரிச்சலும் ரத்தமும்தான். ஒரு விஷயம் சொல்கிறேன். ஸ்டென்ட் வைத்திருந்தால், எடுக்க வேண்டிய தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள், வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லிவையுங்கள். வலி இல்லை என்று மறந்து மாதக்கணக்கில் விட்டவர்களுக்கு ஸ்டென்ட்டின் மேலேயே கல் படிந்து, அதை எடுக்கவே தனியாக அறுவை சிகிச்சை தேவைப்பட்டிருக்கிறது.

2018-ல் வலது பக்கம் கல் வந்தது. இந்த முறை வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைத்தார்கள். இரண்டு தடவை, 24,000 ரூபாய். இரண்டு முறையும் வெளியே வந்த கல்லை நான் கண்ணால் பார்க்கவில்லை. யாரும் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டுக்கு வரும்போது கையில் கிடைத்தது உணவுப் பட்டியல் ஒன்றுதான். பால், தயிர், தக்காளி, கீரை, கத்தரிக்காய் எல்லாம் கூடாது என்று இருந்தது. ஐந்து வருடம் நான் பால், தயிர் தொடவில்லை. கல்லில் கால்சியம் இருக்கிறது, அதனால் கால்சியம் சாப்பிடக் கூடாது என்பது கேட்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் உண்மை நேர்மாறு. சாப்பாட்டில் இருக்கும் கால்சியம், கீரையிலும் கடலையிலும் இருக்கும் ஆக்ஸலேட்டைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். கால்சியத்தை நிறுத்தினால் ஆக்ஸலேட் அதிகமாக ரத்தத்தில் ஏறி, கல்லும் அதிகமாகும். குறைக்க வேண்டியது உப்பு. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். எனக்குக் கொடுத்த பட்டியலில் உப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இந்த நேரத்தில் என் உடம்பு வேறு சில விஷயங்களையும் சொல்லிக்கொண்டிருந்தது. எப்போதும் அசதி. மாலையில் வீட்டுக்கு வந்தால் குக்கர் வைக்கக்கூடத் தெம்பு இருக்காது. மலச்சிக்கல். காரணமே இல்லாமல் அழுகை. கால் எலும்பில் விண்விண்ணென்று வலி. 2019-ல் பள்ளிப் படியில் லேசாக வழுக்கிக் கையை ஊன்றியதற்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அப்போது எனக்கு 39 வயது. "பொம்பளைங்களுக்கு இந்த வயசுல இப்படித்தான்" என்று எல்லோரும் சொன்னார்கள். மாவுக்கட்டு போட்டு, கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி பொடியும் எழுதிக் கொடுத்தார்கள். எலும்பு முறிவையும் கல்லையும் சேர்த்து யோசிக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. இரண்டும் வேறு வேறு டாக்டர், வேறு வேறு ஃபைல்.

அப்புறம் 2021. கொரோனா இரண்டாம் அலை முடிந்த நேரம். வலது பக்கம் மறுபடியும் வலி. கூடவே குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து, வீட்டில் இருந்த வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் தள்ளினேன். மூன்றாம் நாள் காலையில் என் கணவர் எழுப்பியபோது எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லையாம். மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் பிடித்து, கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. சிறுநீரகம் வடிகட்ட முடியாமல் போனால் ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின் 4.2. முதுகு வழியாகக் குழாய் போட்டுச் சீழை வடித்து, பதினொரு நாள் வைத்திருந்தார்கள். ஒன்றரை மாதம் கழித்து முதுகில் துளை போட்டுக் கல்லை எடுத்தார்கள். இரண்டுக்கும் சேர்த்து 2,75,000 ரூபாய். நான் வேலை பார்ப்பது தனியார் பள்ளி, காப்பீடு கிடையாது. ஆறு பவுன் அடகுக்குப் போனது. சம்பளமில்லா விடுப்பு மூன்று மாதம். கல் வலியோடு காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் ஒரு மணி நேரம்கூட வீட்டில் இருக்காதீர்கள். நள்ளிரவாக இருந்தாலும் கிளம்புங்கள். இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

கிரியாட்டினின் மெல்ல இறங்கி 1.5-ல் நின்றது. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. இனி நான் நாள்பட்ட சிறுநீரக நோயாளி என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டு வந்த இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு மொட்டை மாடியில் உட்கார்ந்து அழுதேன். எனக்குத் தெரிந்த சிறுநீரக நோயாளிகள் எல்லோரும் டயாலிசிஸில் இருந்தவர்கள். நிலைகள் ஐந்து உண்டு, நான் மூன்றாம் நிலையில் இருக்கிறேன், கவனமாக இருந்தால் பல வருடம் இதே நிலையில் இருக்கலாம் என்பதையெல்லாம் அன்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

2023-ல் மீண்டும் இரண்டு பக்கமும் சிறு கற்கள். இந்த முறை என் நாத்தனார் பிடிவாதமாக, "கல் எடுக்குற டாக்டர் வேணாம் அண்ணி, கிட்னி டாக்டரைப் பாருங்க" என்று திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனாள். அந்த வித்தியாசம் எனக்கு அதுவரை தெரியாது. யூராலஜிஸ்ட் அறுவை சிகிச்சை செய்பவர். நெஃப்ராலஜிஸ்ட் சிறுநீரகத்தின் வேலையையும் நோயையும் பார்ப்பவர். அடிக்கடி கல் வருகிறவர்கள் இருவரையும் பார்க்க வேண்டும். அந்த மருத்துவர் வயதில் சின்னவர். என் பையில் இருந்த காகிதங்களையெல்லாம் வாங்கி, வருட வாரியாக மேசையில் அடுக்கினார். இருபது நிமிடம் பேசவே இல்லை. அப்புறம், "இத்தனை தடவை கல் எடுத்திருக்காங்களே டீச்சர், அது எந்த வகைக் கல்லுன்னு யாராச்சும் பார்த்தாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சிவப்புப் பேனாவால் மூன்று இடத்தில் கோடு போட்டார். அசதிக்காக 2017-ல் எடுத்த பரிசோதனையில் கால்சியம் 10.8. கை முறிந்தபோது 11.0. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தபோது 11.3. அந்த ஆய்வகங்களில் இயல்பின் உச்சவரம்பு 10.2. மூன்று இடத்திலும் பக்கத்தில் 'அதிகம்' என்று குறியிட்டு அச்சாகியிருந்தது. ஆறு வருடமாக என் பீரோவிலேயே இருந்த காகிதங்கள்.

அன்று மறுபடியும் எடுத்த பரிசோதனையில் கால்சியம் 11.4, பாஸ்பரஸ் 2.2, பாராதைராய்டு ஹார்மோன் 212. அந்த ஹார்மோன் 65-க்குள் இருக்க வேண்டும். காரணம் சிறுநீரகத்தில் இல்லை, கழுத்தில் இருந்தது. தைராய்டுக்குப் பின்னால் துவரம்பருப்பு அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுப்பது அவற்றின் வேலை. அதில் ஒன்றில் புற்றுநோய் அல்லாத ஒரு கட்டி வளர்ந்தால், தேவை இல்லாதபோதும் அது எலும்பை அரித்துக்கொண்டே இருக்கும். அந்தக் கால்சியம் சிறுநீர் வழியாகப் போகும்போது கல்லாகப் படிகிறது. முறிந்த கை, அசதி, மலச்சிக்கல், அழுகை எல்லாம் ஒரே நோய். நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். ஒவ்வொரு வருடமும் ஹார்மோன் பாடத்தில் கரும்பலகையில் தைராய்டு வரைந்து அதன் மேல் நான்கு புள்ளி வைத்து, "ரத்தத்தில் கால்சியத்தின் அளவைக் கட்டுப்படுத்துவது" என்று பிள்ளைகளைச் சொல்லவைத்திருக்கிறேன். திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் அது நினைவுக்கு வந்தபோது அழுகையை அடக்க முடியவில்லை. கோபமா நிம்மதியா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் பாராதைராய்டு ஹார்மோன் கூடும். எனக்கும் அப்படித்தானோ என்று அந்த மருத்துவரிடம் கேட்டேன். என் நிலையில் சிறுநீரகப் பழுதினால் மட்டும் ஹார்மோன் கூடியிருந்தால் கால்சியம் குறைவாகவோ இயல்பாகவோ இருக்கும், இரண்டும் ஒன்றாகக் கூடியிருப்பதுதான் அடையாளம் என்று விளக்கினார். அதனால் இரண்டையும் ஒரே நாளில், ஒரே ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள், அல்புமின் என்ற ரத்தப் புரதத்தையும் சேர்த்து. கால்சியத்தில் ஒரு பகுதி அல்புமினோடு ஒட்டிக்கொண்டு இருப்பதால், அது குறைந்தால் கால்சியக் கணக்கும் தப்பும்.

அடுத்தது 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனை. இதைப் பலர் தப்பாகச் செய்து பணத்தை வீணாக்குகிறார்கள். நானும் முதல் முறை தப்பாகத்தான் செய்தேன். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிறுதான் வசதி. காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைப் பிடிக்கக் கூடாது, அதைக் கழித்துவிட்டு மணியைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் பிறகு போவது ஒரு சொட்டு விடாமல் கேனுக்குப் போக வேண்டும். மறுநாள் அதே மணிக்குப் போகும் முதல் சிறுநீரோடு முடிகிறது. கால்சியத்துக்கென்று கொடுக்கும் கேனில் அமிலம் இருக்கும், நேராக அதில் போகாமல் ஒரு மக்கில் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள். எப்போதும் குடிக்கிற தண்ணீர், எப்போதும் சாப்பிடுகிற சாப்பாடுதான். பரிசோதனைக்காக நல்ல பிள்ளையாக அன்று மட்டும் நான்கு லிட்டர் குடித்தால் முடிவு உங்களுடையதாக இருக்காது. எனக்குக் கால்சியம் 310 மில்லிகிராம் வந்தது, பெண்களுக்கு 250-க்கு மேல் போகக் கூடாது. இந்தப் பரிசோதனைக்கு இன்னொரு அவசியமும் உண்டு. பரம்பரையாக வரும் ஒரு வகையில் ரத்தக் கால்சியம் அதிகமாகவும் சிறுநீரில் குறைவாகவும் இருக்கும். அவர்களுக்கு அறுவை சிகிச்சை தேவையே இல்லை.

டீ வடிகட்டியில் சிறுநீரை வடிகட்டி நானே பிடித்த ஒரு சிறு கல்லையும் ஆய்வகத்துக்கு அனுப்பினோம். கால்சியம் பாஸ்பேட்டும் ஆக்ஸலேட்டும் கலந்த கல். கல்லில் பாஸ்பேட் அதிகமாக இருந்தால் பாராதைராய்டையும், சிறுநீரகத்துக்குள் இருக்கும் நுண்குழல்களின் அமிலக் கோளாறையும் சந்தேகப்பட வேண்டுமாம். முதல் கல்லிலேயே இதைச் செய்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. உங்கள் கல் எடுக்கப்படும்போது, "கல்லை ஆய்வுக்கு அனுப்புங்கள்" என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

கழுத்து அல்ட்ராசவுண்டிலும், பாராதைராய்டுக் கட்டியைத் தேடும் செஸ்டமிபி ஸ்கேனிலும் இடது கீழ்ச் சுரப்பியில் கட்டி தெரிந்தது. எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் இடுப்பும் முதுகும் சுமாராக இருந்தன, முன்கை மட்டும் மிக மோசம். இந்த நோய் முன்கை எலும்பைத்தான் முதலில் அரிக்கும், அதனால் அந்த இடத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்ல வேண்டும். காரணத்தைக் கண்டுபிடிக்க ஆன மொத்தச் செலவு 16,000 ரூபாய்க்குள். அதில் முதல் கதவைத் திறந்த கால்சியம் பரிசோதனைக்கு 180 ரூபாய். அதற்கு முன் நான் செலவழித்தது மூன்றரை லட்சம்.

அறுவை சிகிச்சை சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில், செலவில்லாமல் நடந்தது. நாளமில்லாச் சுரப்பிகளுக்கென்றே தனி அறுவைத் துறை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. இந்தச் சுரப்பியை அடிக்கடி தொட்டுப் பழகிய கையிடம் போவது முக்கியம். பக்கத்திலேயே குரல் நரம்பு ஓடுகிறது, சுரப்பி சில பேருக்கு மார்புக்குள்ளும் இருக்கும். அமெரிக்காவில் சார்ல்ஸ் மார்ட்டெல் என்ற கப்பல் கேப்டனுக்குக் கழுத்தில் பலமுறை தேடியும் கிடைக்காமல், 1932-ல் ஏழாவது அறுவையில்தான் மார்புக்குள் கட்டியைக் கண்டுபிடித்தார்கள். அதற்குள் அவருடைய எலும்பும் சிறுநீரகமும் கெட்டுப்போயிருந்தன. சில வாரங்களில் அவர் இறந்துவிட்டார். அவரைப் பற்றிப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்கு மூன்று சென்டிமீட்டர் வெட்டு, ஒரு மணி நேரம். கட்டியை எடுத்த பத்தாவது நிமிடத்தில் ஹார்மோன் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டதை அங்கேயே சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் தையல் போட்டார்கள். இரண்டாம் நாள் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்துப்போய் எறும்பு ஊர்வது போல இருந்தது. பட்டினி கிடந்த எலும்பு கால்சியத்தை உறிஞ்சுவதால் அப்படி வரும். உடனே நர்ஸிடம் சொல்லிவிட வேண்டும், பொறுத்துக்கொண்டு இருக்கக் கூடாது. ஆறு வாரம் கால்சியம் மாத்திரை சாப்பிட்டேன். ஐந்து வருடத்துக்குப் பிறகு தயிர் சாதம் சாப்பிட்டேன். அசதி ஒரு மாதத்துக்குள் விலகியது. என் மகள், "அம்மா, நீ பாட்டுப் பாடுற" என்றாள். நான் வேலை செய்துகொண்டே பாடுகிறவள் என்பது எனக்கே மறந்திருந்தது.

சிறுநீரகம் மட்டும் பழையபடி ஆகவில்லை, ஆகாது. கிரியாட்டினின் இன்றும் 1.5. சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய வலி மாத்திரை, வலி ஊசி எதுவும் எனக்குக் கிடையாது. தலைவலிக்குக்கூட மருந்துக்கடையில் பாரசிட்டமால் மட்டும் என்று பெயர் சொல்லி வாங்குகிறேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு நிறுத்தியாயிற்று. ரத்த அழுத்தத்தை வீட்டிலேயே பார்த்து எழுதிவைக்கிறேன். முன்பு கல்லுக்காகக் குடித்த இளநீரையும் வாழைத்தண்டுச் சாற்றையும் இப்போது பொட்டாசியம் அளவைப் பார்த்துத்தான் தொடுகிறேன். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு, பொட்டாசியம் நிறைந்த இவை இரண்டுமே ஆபத்தாகலாம். பெயர் தெரியாத லேகியம் எதையும் வாங்குவதில்லை. தண்ணீரை எவ்வளவு குடித்தேன் என்று பார்ப்பதில்லை, எவ்வளவு சிறுநீர் போகிறது என்றுதான் பார்க்கிறேன். இரண்டரை லிட்டர் என் கணக்கு. நம் ஊர் வெயிலில் மூன்று லிட்டர் குடித்தாலும் பாதி வியர்வையில் போய்விடும். பள்ளியில் ஆசிரியைகளுக்குத் தனிக் கழிப்பறை கேட்டு எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, போன வருடம் கட்டிவிட்டார்கள்.

எனக்கு வந்தது எல்லோருக்கும் இருக்காது. நூறு கல் நோயாளிகளில் ஒரு சிலருக்குத்தான் பாராதைராய்டு காரணம். எங்கள் கணக்கு டீச்சரின் கணவருக்கு இரண்டாவது முறை கல் வந்து, அறுவைக்குத் தேதியும் குறித்துவிட்டார்கள். ஒரு துண்டுச் சீட்டில் கால்சியம், யூரிக் ஆசிட், சிறுநீரின் பி.எச். (அமிலத்தன்மையின் அளவு) என்று எழுதிக் கொடுத்து, "இதை மட்டும் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்" என்றேன். கால்சியம் சரியாக இருந்தது. யூரிக் ஆசிட் 9.1, சிறுநீர் கடும் அமிலம். யூரிக் அமிலக் கல், அடைப்பும் இல்லை, மாத்திரையிலேயே கரைத்துப் பார்க்கலாம் என்று அறுவையைத் தள்ளிவைத்துவிட்டார் அவருடைய மருத்துவர். 12 மில்லிமீட்டர் கல் சென்ற மாத ஸ்கேனில் 5 ஆகியிருக்கிறது. அடுத்த ஸ்கேன் பொங்கல் முடிந்து.